ஒரே ஓர் இரவுக்கு ஓராண்டுக் கணக்கு



பருவச் சரக்கு எடுத்துக் கையைச் சுட்டுக்கொள்ளாத வியாபாரி நம்மில் யார்? 1990-களில் மளிகையோடு பொங்கல் வாழ்த்து அட்டைகளையும் வண்ணக் காகிதத் தோரணங்களையும் நாம் மொத்தமாக விற்று வந்தோம். ஒரு வருடம், போகிக்கு முன்பே வரவேண்டிய சரக்கு காணும் பொங்கலன்று லாரியில் வந்து இறங்கியது. போட்ட முதல் கிடங்கிலேயே கிடந்து கரையானுக்குப் போனது. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட இரண்டு தீபாவளி பிடித்தது.

இப்போது அது நினைவுக்கு வரக் காரணம், அமெரிக்காவில் படிக்கும் நம் பேத்தி. "தாத்தா, பள்ளி நடன விழாவுக்கு அலங்காரச் சாமான் வாங்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மொத்தமாக வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?" என்று தொலைபேசியில் கேட்டாள். சொல்லிக் கொடுக்கப் போய், நாம் கற்றுக்கொண்டதே அதிகம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படிப்பு முடியும் தறுவாயில், பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், மேல்வகுப்பு மாணவர்களுக்காக நடக்கும் விழாவுக்கு 'ப்ராம்' என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்லூரிகளில் தொடங்கிப் பிறகு பள்ளிகளுக்கு வந்த வழக்கம் இது. பையன்கள் கோட்டு சூட்டிலும் பெண்கள் நீண்ட கவுனிலும் வருவார்கள். 1975-ல் அதிபர் ஃபோர்டின் மகள் சூசன் படித்த பள்ளியின் ப்ராம் வெள்ளை மாளிகையிலேயே நடந்தது.

நம்மை வியக்க வைத்தது நடனம் அல்ல, நிர்வாகம். பல பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு மாணவர்களே குழு அமைத்து, ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் எல்லாவற்றையும் நடத்துகிறார்கள். கார் கழுவியும், வீட்டில் செய்த கேக் விற்றும், நுழைவுச்சீட்டு விற்றும் பணம் சேர்க்கிறார்கள். பல மாதங்களுக்கு முன்பே இடத்தையும் தேதியையும் உறுதி செய்கிறார்கள். அதன்பின் விழாவுக்கு ஒரு கருப்பொருள் தேர்கிறார்கள். 'கடலுக்கடியில்' என்றால் கூரையில் நீலத் துணி, நீர்க்குமிழி போலக் கண்ணாடி நிறப் பலூன்கள். 'நட்சத்திர இரவு' என்றால் கறுப்புத் துணி, சரம் சரமாகச் சின்ன விளக்குகள். கருப்பொருள் முடிவான பிறகுதான் கொள்முதல். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்க அங்கே இடமில்லை.

உடற்பயிற்சிக் கூடத்தில் விழா நடந்தால் கட்டுப்பாடு அதிகம். எளிதில் தீப்பற்றாத துணியும் காகிதமும்தான் வேண்டும். வெளியேறும் வாசலையோ அதன் விளக்கையோ அலங்காரம் மறைக்கக்கூடாது. மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. தீபாவளி நேரத்தில் வாசல் வரை அட்டைப்பெட்டி அடுக்கும் நம் கடைகளை எண்ணிப் பார்த்தோம், வெட்கமாகத்தான் இருந்தது.

பலூனுக்கும் கணக்கு உண்டு. ஹீலியம் அடைத்த 11 அங்குல ரப்பர் பலூன் ஏறக்குறைய 12 முதல் 20 மணி நேரமே மிதக்கும். முந்திய நாளே ஊதி வைத்தால் விழா நேரத்தில் தரையில் கிடக்கும். வளைவு கட்டும் பலூனுக்குச் சாதாரணக் காற்றே போதும். அதில் ஹீலியம் அடைப்பது காசைக் கரியாக்குவது.

இந்தச் சாமான்களை விற்பவர் நிலையையும் பார்ப்போம். 'பார்ட்டி சிட்டி' என்ற அமெரிக்க நிறுவனம் 1986-ல் ஒரே கடையாகத் தொடங்கி நாடெங்கும் பரவியது. 2019-ல் ஹீலியம் தட்டுப்பாட்டால் அதன் பலூன் விற்பனை அடிபட்டது. அடுத்த வருடம் கொரோனாவால் விழாக்களே நின்றன. இணைய வணிகமும் மலிவு விலைப் பெருங்கடைகளும் ஒருபுறம் நெருக்கின. 2023 ஜனவரியில் திவால் மனு. 2024 டிசம்பரில் நிறுவனத்தின் சொந்தக் கடைகள் அனைத்தையும் மூடுவதாக அறிவிப்பு. கொண்டாட்டத்தை மட்டும் நம்பிய கடைக்குக் கொண்டாட்டம் நின்றால் வேறு பிடிமானம் இல்லை. நமக்கோ உப்பும் புளியும் அன்றாடம் விற்கிறது. பருவச் சரக்கு அதன்மேல் வரும் உபரியாக இருக்கட்டும்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்ற சிற்றூர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் 1970 முதல் வெள்ளையர், கறுப்பர் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தும், ப்ராம் மட்டும் தனித்தனியாக நடந்து வந்தது. அவ்வட்டாரத்தவரான நடிகர் மார்கன் ஃப்ரீமன், ஒரே விழாவாக நடத்தினால் முழுச் செலவையும் ஏற்பதாக 1997-ல் சொன்னார். யாரும் ஏற்கவில்லை. 2008-ல் மறுபடி சொன்னார். அந்த ஆண்டுதான் வெள்ளையர், கறுப்பர் பிள்ளைகள் ஒரே கூடத்தில் ஆடினார்கள். எத்தனை தோரணம் கட்டினாலும், வாசலில் ஆளைப் பிரித்தால் அது விழாவாகுமா?

பேத்திக்கு நாம் சொன்னவை இவ்வளவே: வாங்குமுன் கூடத்தை அளந்துகொள். ஆர்டர் கொடுத்த தேதியை நம்பாதே; மூன்று வாரம் முன்பே சரக்கு கைக்கு வந்ததா என்று பார். நிற்கும் சரக்கையும் கரையும் சரக்கையும் தனித்தனியே எழுது. சீட்டு வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கென்று முதலிலேயே ஒரு தொகை ஒதுக்கு.

விழா முடிந்த மறுநாள் கூப்பிட்டாள். பலூனும் காகிதமும் செலவில் போயின. துணியையும் விளக்குச் சரத்தையும் மடித்துப் பெட்டியில் வைத்து, பட்டியலோடு அடுத்த வகுப்பாரிடம் ஒப்படைத்தார்களாம். ஒதுக்கிய தொகையில் ஒரு காசுகூட மிஞ்சவில்லையாம்.

"அது மிஞ்சாததுதான் லாபம்" என்றோம். அடுத்த பொங்கலுக்குச் சரக்கு எழுதும்போது நாமும் இதை நினைவில் வைப்போம்.