உறைமோரும் தாய்ப்பத்திரமும்

ராத்திரி பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் ஒரு கரண்டி பழைய தயிரை விட்டு மூடி வைத்தால் காலையில் தயிர். அந்த ஒரு கரண்டி நேற்றைய தயிரிலிருந்து வந்தது, நேற்றையது முந்தாநாளையதிலிருந்து. எங்கள் அடுக்களைத் தயிருக்குப் பாட்டி வீட்டுத் தயிர்தான் பூர்வீகம் என்பாள் அம்மை. நடுவில் ஒருநாள் உறைக்கு மிச்சமில்லாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதையும் மறைக்காமல் சொல்வாள்.

நிலப்பத்திரமும் இப்படித்தான் உறைகிறது. எனக்கு இது எப்படி வந்தது என்று ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தையதன் வருஷத்தையும் நம்பரையும் சொல்லும். முந்தையதற்குப் பெயரே தாய்ப்பத்திரம். குமரி மாவட்டத்துப் பழைய பத்திரங்களில் மலையாள வாடையோடு முன்னாதாரம் என்றும் இருக்கும். முன்னோரைத் தேடுகிறவர் இன்றைய தயிரில் தொடங்கி ஒவ்வொரு கரண்டியாகப் பின்னால் போக வேண்டும்.

கையில் இருக்கும் பட்டா இலையில் விளம்பிய சோறு மாதிரி. யாருடைய இலை என்று காட்டும், யார் வடித்தது என்று காட்டாது. அதிலுள்ள சர்வே நம்பரைப் பிடித்து, ரீசர்வேக்கு முந்தைய பழைய நம்பரைக் கண்டுபிடித்து, அந்த நம்பருக்கு வில்லங்கச் சான்று போட்டால் பத்திர நம்பர்கள் வரிசையாக வரும். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு. இதுவரை எந்த ஊரிலும் நடப்பதுதான்.

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் முதல் இடறல் வருஷக் கணக்கில். 1956 நவம்பர் 1 வரை இது முதலில் திருவிதாங்கூராகவும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியாகவும் இருந்தது. பழைய பத்திரத்தில் வருஷம் கொல்லம் ஆண்டாக இருக்கும். ஆவணியில், அதாவது சிங்ஙத்தில், பிறக்கும் ஆண்டு அது. 1098 மீனம் என்றால் 825 கூட்டி 1923. அதே 1098 சிங்ஙம் என்றால் 824 கூட்டி 1922. படியும் உழக்கும் கலந்து அளந்தால் சோறு குழைவதுபோல, மாதத்தைப் பார்க்காமல் கூட்டினால் அண்ணன் தம்பி ஆகிவிடுவான். வயலின் அளவும் சென்ட் அல்ல, மரக்கால் விதைப்பாடு, எத்தனை மரக்கால் விதை விதைக்கலாம் என்ற கணக்கு.

அடுத்த இடறலில் நானே விழுந்தேன். ஒரு பழைய பத்திரத்தில் வயதான காரணவர், அதாவது குடும்பத் தலைவர் பெயர், அடுத்து ஓர் இளையவர் பெயர். அப்பாவும் மகனும் என்று கோடு போட்டு வம்சப்படம் வரைந்து, நாலு வீட்டுக்குக் காட்டியும் விட்டேன். இன்னார் அனந்தரவன் என்று எழுதியிருந்ததைச் சும்மா அலங்காரம் என்று நினைத்துத் தாண்டியிருந்தேன். அனந்தரவன் என்றால் மருமகன், அக்கா தங்கையின் பிள்ளை. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடமும் நாயர்களிடமும் சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போயிற்று. பத்திரத்தில் ஒருவனுக்கு அடையாளம் அப்பா அல்ல, மாமன். இந்த முறையைக் கேலி செய்துதான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதினார். காரணவரின் ஐந்தாம் மனைவி வாய்மொழியாக அது வருகிறது. ஆகவே முதல் பத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் குடும்பம் மக்கள்வழியா மருமக்கள்வழியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அந்தக் காரணவரின் சொந்தப் பிள்ளைகள் எங்கே? தறவாட்டுச் சொத்து, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின் சொத்து, பொதுப் பானை. காரணவர் கையில் அகப்பைதான் இருந்தது, பானை அவருடையதல்ல. தானாகச் சம்பாதித்ததை மட்டும் அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு எழுதலாம். எழுதாமல் கண்ணை மூடினால் அவர்கள் பாடு திண்டாட்டம். அதனால் உயில் எழுதினார்கள். உகந்துடைமை என்று ஒரு பங்கு மனைவி மக்களுக்குக் கிடைக்கும் வழக்கமும் இருந்தது. இதைக் கண்டுகொண்ட பிறகுதான் எனக்குப் படம் நேரானது: பத்திரக் கட்டு தாய்வழியைச் சொல்லும், உயில் தகப்பன்வழியைச் சொல்லும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் குடும்பம்தான்.

ஆனால் உயில் அடுப்பங்கரையில் இருக்காது, உறியில் இருக்கும். பதிவுச் சட்டப்படி நிலப்பத்திரங்கள் 1-ம் புத்தகத்தில் ஏறும், உயில்கள் 3-ம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று 1-ம் புத்தகத்தைப் பார்த்துத் தருவது, அதில் உயில் தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ மட்டுமே நகல் வாங்கலாம். காலமான பிறகு யாரும் கேட்கலாம், இறப்பைக் காட்டும் சான்றோடு போக வேண்டும். தேடுவதும் சர்வே நம்பரில் அல்ல, எழுதியவர் பெயரில். பதிவு செய்யாத உயிலும் செல்லும் என்பதால் பல உயில்கள் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்து கறையானுக்குப் போயின. தப்பியவை சில, அண்ணன் தம்பி சண்டையில் கோர்ட்டுக்குப் போனவை. சண்டைக்கு அந்த வகையில் நன்றி சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்தது பாகப்பத்திரம்தான். கொல்லம் 1101, அதாவது 1926-ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் ரெகுலேஷன் வந்து மக்கள்வழி உரிமைக்கும் தனித்தனிப் பாகத்துக்கும் வழி பிறந்தது. அதுவரை பிரியாமல் கிடந்த தறவாடு பிரிந்தால், பங்குள்ள ஒவ்வொரு தலையையும் எழுதியாக வேண்டும். பாட்டி, அவளுடைய பெண்மக்கள், அவர்களின் பிள்ளைகள், மைனருக்குக் கார்டியன், இறந்துபோனவளுக்குப் பதிலாக யார் என்பது வரை. அவியலுக்கு நறுக்கிய காய் மாதிரி எல்லாம் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும். அதற்கு முந்தைய பத்திரங்களோ தீயல். வறுத்து அரைத்துக் கரைத்த பிறகு உள்ளே என்ன போனது என்று ருசியை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

இரவல் தயிரும் உண்டு. பின்னால் போகப்போக ஒரு கிரையப் பத்திரம் வரும், நிலம் வேறு குடும்பத்திடம் விலைக்கு வாங்கியது. ரத்தவழி அந்தச் சங்கிலியில் அங்கே நின்றுவிடும். அப்போது நாலெல்லையைப் படிக்க வேண்டும். வடக்கே இன்னார் பாகம், கிழக்கே இன்னார் வகை என்று இருக்கும். வயல் பிரிந்தால் கூடப்பிறந்தவர்கள் எல்லைக்காரர்கள் ஆகிறார்கள். தொலைந்த ஒரு சின்னத் தாத்தாவை நான் கிழக்கெல்லையில்தான் பிடித்தேன்.

காகிதத்துக்கும் முன்னால் ஓலை. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கவிமணி தேடிப் பார்த்தார். ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றை ‘முதலியார் ஓலைகள்’ என்று நூலாக்கியிருக்கிறார். நிலத்தை விற்றதும் ஒற்றி வைத்ததும் மட்டுமல்ல, மனிதர்களை விற்ற ஓலைகளும் அதில் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஊரும் வீட்டுப்பெயரும் உண்டு. விற்கப்பட்டவர் சொத்துக் கணக்கில் வருகிறார். வயலில் நட்டு, அறுத்து, குத்திக் கொடுத்த அந்தக் குடும்பங்களுக்குப் பட்டாவும் இல்லை, உயிலும் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தேட வந்தால் அதே ஓலைக்கட்டைத்தான் பிரிக்க வேண்டும், விற்ற வீட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டு.