பழைய வேனை ஊருக்குக் கொண்டுவருவது எப்படி?

சரக்கு ஏற்ற வெளியூரில் பழைய வேன் வாங்குகிறோம். பல மாதம் நின்ற வண்டியை அன்றே ஓட்டிவருவது ஆபத்து. டயரில் வெடிப்பு விட்டிருக்கும். டேங்க் துரு பெட்ரோல் குழாயை அடைக்கும். பிரேக் ஆயில் ஈரம் இழுத்திருந்தால், நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிரேக் பிடிக்காது. லாரி வாடகையை மிச்சம் பிடிக்க எண்ணி ஓட்டிவந்த நான், மலை இறக்கத்தில் மண்மேட்டில் மோதித்தான் நின்றேன்.

ஆகவே லாரியில் ஏற்றி, பேட்டரி வயரைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இறுகக் கட்டி அனுப்புங்கள். ஆர்.சி., விற்றவர் கையொப்பமிட்ட 29, 30 படிவங்கள், வெளிமாநில வண்டியானால் தடையில்லாச் சான்று ஆகியவை கைக்கு வராமல் முழுத்தொகை கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள்.

லாரி வாடகை செலவுக் கணக்கு. உயிரோ நம் முதல்.