கடற்கரைச் செலவு

செலவு என்னும் சொல் பயணத்தையும் குறிக்கும். பணம் செலவாவதையும் குறிக்கும். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணித் திட்டமிட்டவர்கள் இங்கிலாந்து நாட்டின் லங்காஷயர்ப் பகுதி நெசவாலைத் தொழிலாளர்கள் ஆவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், அங்குள்ள பருத்தி ஆலைகள் ஆண்டுதோறும் விடுமுறைக்காகச் சில நாள் மூடப்பட்டன. அந்நாள்களுக்குக் கூலி இல்லை. ஆயினும், புகை சூழ்ந்த நகரத்தில் உழைத்தவர்கள் கடலைக் காண விழைந்தனர். ஆதலின், தமக்குள் சேமிப்புக் கழகங்கள் அமைத்து, வாரந்தோறும் சில பென்னிகள் செலுத்தி வந்தனர். விடுமுறை நெருங்கியதும் சேர்ந்த தொகையைப் பெற்றுக்கொண்டனர்.

1846-இல் இருப்புப்பாதை பிளாக்பூல் கடற்கரையை எட்டியது. பலர் கூடிச் செல்லும் தனி வண்டிகளில் கட்டணம் குறைவு. விடுதியில் உணவுப்பொருள்களைத் தாமே வாங்கித் தந்து, அறைக்கும் சமையலுக்கும் மட்டும் பணம் கொடுத்தவர் பலர். வெவ்வேறு நகரத்தார் வெவ்வேறு வாரங்களில் சென்றமையால் நெரிசலும் தணிந்தது. 1896-இல் அங்கே தோன்றிய கேளிக்கைப் பூங்கா, இத்தகையோரின் சிறு காசுகளாலேயே வளர்ந்தது.

கூலியுடன் விடுமுறை அளிப்பதற்கான சட்டம் 1938-இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பே, அவ்வேழை மக்கள் கடன்படாது கடல் கண்டு மகிழ வழி வகுத்துக்கொண்டனர். முன்னரே சேமித்தல், கூடிச் செல்லுதல், வேண்டாச் செலவை விலக்கல் என்னும் மூன்றுமே அவ்வழி.