காஞ்சிக்கு வந்த சீன மாணவர்

செங்கற்பட்டு மாவட்டத்தின் கீழைக் கரையில், வங்கக்கடலை நோக்கி அமைந்த பழம்பதி மாமல்லபுரம். இன்று அங்குள்ள கற்கோயில்களைக் காண மக்கள் திரள்கின்றனர். பல்லவர் காலத்திலோ அது மரக்கலங்கள் வந்து தங்கும் துறைமுகமாய், தலைநகராகிய காஞ்சிக்குக் கடல்வாயிலாய் விளங்கிற்று. பொருள் நாடிய வணிகரேயன்றிக் கல்வி நாடிய அயல்நாட்டாரும் அந்நாளில் காஞ்சிக்கு வந்தனர்.

ஏறத்தாழக் கி.பி. 640ஆம் ஆண்டில், முதலாம் நரசிம்மவர்மன் ஆட்சிக் காலத்தில், சீனத் துறவி யுவான்சுவாங் காஞ்சியை அடைந்தார். தம் நாட்டில் வழங்கிய பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்படக் கண்டு, மூலநூல்களை முறையாகக் கற்க விரும்பிப் புறப்பட்டவர் அவர். நாட்டின் எல்லையைக் கடக்க அரசாணை தடையாயிருந்தது. ஆயினும் மறைவாக வெளியேறி, நீரற்ற பாலையையும் பனிமலைகளையும் கடந்தார். காசுமீரத்தில் ஈராண்டு தங்கி வடமொழி நூல்களைப் பயின்றார். பின்னர் நாளந்தாவைச் சேர்ந்தார்.

நாளந்தாவில் இடம் பெறுதல் எளிதன்று. வாயில்காப்போரே அரிய வினாக்களைத் தொடுப்பர். பதின்மருள் எழுவரோ எண்மரோ விடை கூறமாட்டாது திரும்புவர். உள்ளே சேர்ந்தவர்க்கு உணவு, உடை, படுக்கை, மருந்து ஆகியன குறைவின்றிக் கிடைத்தன. அரசர் அளித்த ஊர்களின் வருவாய் இதற்கு உதவிற்று. அயல்நாட்டு மாணவராகிய யுவான்சுவாங்குக்கும் மகாசாலி என்னும் உயர்ந்த அரிசியும் பாக்கும் சாதிக்காயும் நாள்தோறும் வழங்கப்பட்டன. தலைமையாசிரியர் சீலபத்திரர், தம் முதுமையையும் பாராது அவருக்கு யோகாசார நூலைப் பாடஞ் சொன்னார்.

சீலபத்திரர் வங்க நாட்டினர். அவருடைய ஆசிரியர் தருமபாலர். அவரோ காஞ்சியிற் பிறந்தவர். அமைச்சர் ஒருவரின் மைந்தர். மன்னன் மகளை மணக்கும் பேற்றையும் துறந்து இல்லத்தை நீங்கியவர். பின்னர் நாளந்தாவின் தலைவராய் உயர்ந்தவர்.

இலங்கையில் யோகாசாரம் வல்ல அறிஞர் உளர் எனக் கேள்வியுற்றே யுவான்சுவாங் தென்னாடு வந்தார். மூன்று நாள் கடற்பயணமே எஞ்சியிருந்தது. அவ்வேளையில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 300 துறவியர் காஞ்சிக்கு வந்தனர். அந்நாட்டு மன்னன் இறந்தான் என்றும், பஞ்சமும் குழப்பமும் சூழ்ந்தன என்றும் அவர்கள் கூறினர். பல்லாயிரம் கல் கடந்து வந்தவருக்குக் கடல்வழி அடைபட்டது. ஆயினும் அவர் வாளா திரும்பவில்லை. வந்த துறவியரிடமே தம் ஐயங்களை வினவினார். அவர்கள் அளித்த விளக்கம் சீலபத்திரர் கற்பித்ததை விஞ்சவில்லை. காஞ்சியில் பிறந்தவர் நாளந்தாவில் வளர்த்த கல்வியின் உயர்வு காஞ்சியிலேயே புலனாயிற்று.

நாளந்தாவுக்கு மீண்டவரை அங்கேயே தங்குமாறு துறவியர் வேண்டினர். கற்றதைத் தம் நாட்டார்க்கு உரைப்பதே தம் கடன் என்று அவர் விடைபெற்றார். சிந்துவாற்றைக் கடக்கையில் படகு அலைப்புண்டு, சுவடிகள் சில நீரில் வீழ்ந்தன. இழந்தவற்றை மீண்டும் படியெடுக்க ஆள் அனுப்பிக் காத்திருந்தார். 645ஆம் ஆண்டில் 657 நூல்களுடன் சீனத் தலைநகரை அடைந்தார். 664இல் மறையும் வரை 70க்கு மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்தார். அவற்றுள் ஒன்று, 659இல் தருமபாலர் கருத்துகளைத் தலையாயனவாகக் கொண்டு ஆக்கிய நூல். தருமபாலர் வடமொழியில் எழுதிய அவ்வுரை இன்று கிடைக்கவில்லை; அதன் கருத்துகள் சீன மொழியில் நிலைபெற்றுள்ளன.

இன்று செங்கற்பட்டு மாவட்டத்து மாணவரும் கடவுச்சீட்டுடன் வானூர்தி ஏறி அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். பயணம் எளிதாயிற்று, மாணவர் கடன் மாறவில்லை. தாயகத்தில் அழிந்த காஞ்சி அறிஞரின் கல்வியை அழியாது காத்தவர், அயல்நாட்டிலிருந்து கற்க வந்த ஒரு மாணவரே. கல்வியைத் தேடிச் செல்பவர் அதனைக் காப்பவராயும் விளங்குதல் வேண்டும்.