ஒரே பதவிக்காலம், இரண்டு வாதங்கள்: சுதந்திராக் கட்சியின் எம். ரத்னசாமி

பழமைவாதி என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்ட கட்சி எதுவும் இந்திய நாடாளுமன்றத்தில் வேரூன்றவில்லை. ஆயினும் 1959-இல் சென்னையில் ராஜாஜி, என். ஜி. ரங்கா, மினு மசானி ஆகியோர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, தனிச்சொத்துரிமை, கட்டுப்பாடற்ற தொழில், அளவான அரசு, மரபுவழி அறநெறி ஆகியவற்றை ஒருசேர வலியுறுத்தியதால், இந்தியப் பழமைவாதம் பற்றிய ஆய்வுகளில் முதலிடம் பெறுகிறது. அக்கட்சியின் சார்பில் 1962 ஏப்ரல் முதல் 1968 ஏப்ரல் வரை ஒரே ஒரு பதவிக்காலம் சென்னை மாநிலத்திலிருந்து மாநிலங்களவையில் இடம்பெற்றவர் எம். ரத்னசாமி. அவர் கட்சி முன்வைத்த வாதங்களில் எது வென்றது, எது தோற்றது என்பதைத் சென்னைப் புறநகரான தாம்பரம் தொடங்கித் தெற்கிலும் மேற்கிலும் நீளும் தொழிற்பகுதியின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

ஆட்சி இயந்திரத்தை அறிந்தவர்

1885-இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற ரத்னசாமி, பச்சையப்பன் கல்லூரிக்கும் சட்டக் கல்லூரிக்கும் முதல்வராகவும், 1920-களில் சென்னைச் சட்டசபையின் தலைவராகவும், 1930 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் மாகாணப் பணியாளர் தேர்வாணைய உறுப்பினராகவும், 1942 முதல் 1948 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றியவர். அரசு எவ்வாறு உருவாகிறது, நிர்வாகம் எவ்வாறு இயங்குகிறது என்பவையே அவர் எழுதிய நூல்களின் நடுப்பொருள். ஆகவே அரசின் விரிவை எதிர்த்த கட்சிக்காக அவைக்குச் சென்றபோது, அவர் எதிர்க்கவேண்டியிருந்த இயந்திரம் அவருக்குப் புதியதன்று.

ஆறு பேர், ஓர் இடம்

மாநிலங்களவை உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள் ஒற்றை மாற்று வாக்கு முறையில், அதாவது வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று குறித்து, தேர்ந்தெடுக்கின்றனர். 206 உறுப்பினர் கொண்ட அன்றைய சென்னைச் சட்டமன்றத்தில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடந்தால் ஒருவர் வெல்ல ஏறத்தாழ 30 வாக்குகள் வேண்டும்; சுதந்திராக் கட்சிக்கு 1962-இல் கிடைத்த சட்டமன்ற இடங்களோ ஆறு மட்டுமே. பிறரது இசைவின்றி அக்கட்சியால் டில்லிக்கு ஒருவரை அனுப்பியிருக்க முடியாது என்பதை இக்கணக்கே காட்டுகிறது. அதே 1962-இல் மாநிலங்களவைக்குச் சென்ற அண்ணா, ஐந்தாண்டுகளில் சுதந்திராக் கட்சியும் இடம்பெற்ற கூட்டணியின் வெற்றியால் முதலமைச்சரானார். ரத்னசாமியின் நாடாளுமன்ற வாழ்வோ, 82 வயதில், அந்த ஒரு பதவிக்காலத்தோடு நிறைவுற்றது. 1968-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

அப்பதவிக்காலத்தின் பெரும்பகுதி நெருக்கடி நிலையின் கீழ்க் கழிந்தது. சீனப் போரை முன்னிட்டு 1962 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 1968 ஜனவரியில்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. இடையில், 1964-இல் நிறைவேறிய 17-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ‘எஸ்டேட்’ என்ற சொல்லின் வரையறைக்குள் ரயத்துவாரி நிலங்களையும், அதாவது உழவர் நேரடியாக அரசுக்குத் தீர்வை செலுத்திவந்த நிலங்களையும், கொண்டுவந்தது. நிலச்சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்றத் தடையிலிருந்து காப்பதே அதன் நோக்கம். சிறு உழவரின் உரிமையையும் இது பறிக்கும் என்று சுதந்திராக் கட்சி கடுமையாக எதிர்த்தது. உச்சவரம்புக்கு உட்பட்ட சொந்தச் சாகுபடி நிலத்தைச் சந்தை விலை தராமல் எடுக்கக்கூடாது என்ற காப்பு அத்திருத்தத்திலேயே இருந்தது என்பதும், அக்கட்சியின் ஆதரவாளர்களில் பெருநிலக்கிழார்களும் முன்னாள் மன்னர்களும் இருந்தனர் என்பதும் இங்குக் கருதத்தக்கவை.

வண்டலூரின் கார்கள்

கட்சியின் மற்றொரு இலக்கு, ராஜாஜி ‘லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்’ எனச் சாடிய ஏற்பாடு. 1951-ஆம் ஆண்டுத் தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட தொழில்களில் ஆலை தொடங்கவும், உற்பத்தித் திறனைக் கூட்டவும், புதிய பொருள் தயாரிக்கவும் மத்திய அரசின் உரிமம் தேவைப்பட்டது. தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், நாட்டில் கார் தயாரித்த மூன்று முக்கிய நிறுவனங்களுள் ஒன்று. போட்டியாளர் நுழைய முடியாத பாதுகாப்பும், விரும்பியபடி விரிவடைய முடியாத தடையும் ஒரே உரிமத்தில் அடங்கியிருந்தன. வாடிக்கையாளர் காருக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பது அக்கால வழக்கம். 1980-களின் இறுதியில் அந்த ஆலையின் உற்பத்தி நின்றது.

மாற்றம் படிப்படியாக வந்தது. ஏற்றுமதிக்காக இறக்குமதி செய்யும் பொருட்களுக்குச் சுங்க வரி விலக்கு அளிக்கும் சென்னை ஏற்றுமதி வளாகமான ‘மெப்ஸ்’ 1984-இல் தாம்பரத்தில் அமைந்தது. 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கும், 1993-இல் கார் உற்பத்திக்கும் உரிமத் தேவை நீக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டுகளுக்குள் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் ஆலை அமைத்தன. இக்கொள்கை மாற்றங்களைச் செய்தவை பெரும்பாலும் காங்கிரஸ் அரசுகளே. 1971 தேர்தலில் எட்டு மக்களவை இடங்களாகச் சுருங்கிய சுதந்திராக் கட்சியோ 1974-இல் பாரதிய லோக் தளத்தில் கரைந்துவிட்டது.

எனினும் இதனை முழுவெற்றி என்று கொள்வதற்கில்லை. உரிமம் வழங்கும் இடத்திலிருந்து விலகிய அரசு, நிலம் வழங்கும் இடத்திலிருந்து விலகவில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பூங்காக்களை உருவாக்கியது மாநில அரசின் சிப்காட் நிறுவனமே. சொத்துரிமையும் 1978-இன் 44-ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமை என்ற தகுதியை இழந்து, அரசியலமைப்புச் சட்டம் தரும் சாதாரண உரிமையாக நின்றுவிட்டது. தொழிலதிபருக்காக ரத்னசாமியின் கட்சி முன்வைத்த வாதம் சென்னையின் தென்மேற்குப் புறத்தில் வென்றது; நிலமுடையவருக்காக முன்வைத்த வாதம் அதே மண்ணில் தோற்றது. ஒரு கட்சியின் கொள்கைகள் ஒரே தொகுப்பாக வெல்வதோ தோற்பதோ இல்லை என்பதற்கு இப்பகுதியே போதிய சான்று.