மார்கழியில் முரண்டும் டீசல் அம்பாசடர்

சிதம்பரத்து ஆருத்ரா தரிசனத்துக்கு விடியுமுன் புறப்படவேண்டிய கடலூர்வாசியின் பழைய டீசல் அம்பாசடர், நீர் உறையாத இந்தச் சீமையிலும் மார்கழிக் குளிரில் முரண்டு பிடிப்பதேன் என்று வினவினால், அந்த யந்திரத்தில் தீப்பொறி தரும் பிளக்கே கிடையாது என்பதிலிருந்து விடையைத் தொடங்கவேண்டும். பிஸ்டன் காற்றை 20 மடங்குக்கு மேல் நெருக்குவதால் பிறக்கும் உஷ்ணமே டீசலைப் பற்றவைக்கிறது. குளிர்ந்த இரும்புச் சுவர்கள் அந்த உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்ள, தேய்ந்த ரிங்குகள் வழியே காற்றும் கசிந்தால், மிஞ்சுவது போதாது. இந்த அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினிலோ டீசல் முதலில் ஒரு சிற்றறையில் எரிவதால் சுவர்ப்பரப்பு அதிகம். ஆகவே அவ்வறையை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் சகாயம் அவசியமாகிறது.

புகையே முதற் சாட்சி. ஸ்டார்ட்டர் சுழலுகையில் வெண்புகை வந்தால், டீசல் சென்றும் எரியவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக்கின் ஒயரைக் கழற்றி, பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சிறு பல்பு வழியாக அதன் தலையைத் தொட்டுப் பார்க்க, பல்பு எரியாவிடில் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. புகையே இல்லையெனில், இரவில் எங்கோ காற்றுப் புகுந்து டீசல் டாங்கிக்கே திரும்பியிருக்கலாம். டாங்கியிலிருந்து வருவது உறிஞ்சும் குழாயாதலால் வெளியே சொட்டும் ஒழுகாமல் அனுபவசாலிகளையும் ஏமாற்றிவிடும். கைப்பம்பை அடித்து ஏர் எடுத்தவுடன் வண்டி கிளம்பினால் சந்தேகம் ஊர்ஜிதம்.

ஸ்டார்ட்டரே மந்தமாகச் சுழன்றால், நெருக்கப்பட்ட காற்று சூடேறுமுன் கசிந்துவிடும். இங்கே எல்லோரும் பாட்டரியைத்தான் பழிப்பார்கள். ஆனால் கடலூர்த் தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றில் பச்சை பூத்த எர்த் கேபிளின் முனையை முதலில் சுரண்டிப் பார்ப்பது உத்தமம்.