ஸ்ட்ரீமர்: செய்யலாமா, வாங்கலாமா?

அப்பாவோட பழைய ஆம்ப்ளிஃபயர் இன்னும் நல்லா பாடுது. வைஃபை மட்டும்தான் இல்லை. அதுக்கு ரெடிமேட் ஸ்ட்ரீமர் வாங்குறதா, நாமே செய்யறதா?

நான் செஞ்சேன். ராஸ்பெர்ரி பை 4, டாக் போர்டு, மெமரி கார்டு, அடாப்டர், அவ்வளவுதான். டாக் டிஜிட்டல் எண்களை ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டிய சிக்னலா மாத்தும். பையோட 40 பின்ல அப்படியே பொருந்திடும். வால்யூமியோவோட இலவசப் பதிப்பை கார்டுல ஏத்தினா, ஃபோன் பிரவுசர்லயே பாட்டு போடலாம்.

ஒருநாள் கரண்ட் போச்சு, கார்டு கெட்டுப்போச்சு. நான் ஊர்ல இல்லை. அப்பா மூணு வாரம் பாட்டே கேட்கலை. என்கிட்ட சொல்லவும் இல்லை.

ரெடிமேட்ல இந்தத் தொல்லை குறைவு. ஆனா ஆயுள் கம்பெனி கையில. லாஜிடெக் 2012-ல ஸ்க்வீஸ்பாக்ஸ் வரிசையை நிறுத்துச்சு. ஆன்லைன் சேவையும் 2024-ல மூடியாச்சு. சர்வர் மென்பொருள் ஓப்பன் சோர்ஸா இருந்ததாலதான் அந்தப் பெட்டிகள் இன்னும் பாடுது.

இப்போ அப்பாவுக்கு பைகோர்பிளேயர் போட்டிருக்கேன். அது ரேம்லயே ஓடும். திடீர்னு கரண்ட் போனாலும் கார்டு கெட வாய்ப்பு குறைவு. அதே மாதிரி எழுதின இன்னொரு கார்டையும் பக்கத்துலயே ஒட்டி வெச்சிருக்கேன். மாத்திப் போட்டா போதும்.

நோண்டப் பிடிக்கும்னா செய்ங்க. ஆனா கேட்கப்போறது வேற ஒருத்தர்னா, நீங்க இல்லாத நாள்ல அது ஓடுமான்னு முதல்ல யோசிங்க. பதில் இல்லைன்னா, வாங்கியே கொடுத்துடுங்க.